சூரியனுக்குள் நடக்காமல் போன தாவல்

குவாண்டம் இயற்பியல் என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, எலக்ட்ரான் ஒரு ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற படம்தான். பள்ளிப் புத்தகத்தில் நீல்ஸ் போரின் அணு மாதிரியோடு வந்து மனதில் ஒட்டிக்கொண்ட படம் அது. ஒளி பட்டால் தாவும், சரி. ஆனால் வெளியிலிருந்து எதுவும் வந்து மோதாமல், சுற்றியிருக்கும் சூழல் மட்டும் மாறிக்கொண்டே போனால்? அப்போதும் தாவுமா, இருந்த நிலையைப் பிடித்துக்கொண்டே போகுமா?

இதற்கு 1932லேயே சூத்திரம் எழுதிவிட்டார்கள். அணுக்கள் மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக எழுதிய அந்தச் சூத்திரம், அரை நூற்றாண்டு கழித்துச் சூரியனின் மையத்தில் போய் நின்றது. 1968ல் தொடங்கி 2002 வரை, 34 ஆண்டுகள் இழுத்த ஒரு வழக்கு அது. சூரியனிலிருந்து வரவேண்டிய நியூட்ரினோ என்ற நுண்துகள்களில் மூன்றில் இரண்டு பங்கைக் காணோம், மூன்றில் ஒன்றுதான் வந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "நியூட்ரினோக்கள் வழியில் வேஷம் மாற்றிக்கொண்டன" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏன் மூன்றில் ஒன்று? ஏன் பாதி இல்லை? அந்த ஒரு எண்ணுக்குள்தான் விஷயமே இருக்கிறது, அதனால் முழுசாகப் பார்த்துவிடுவோம்.

டேவிஸின் தொட்டி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். தரைக்குக் கீழே 1,478 மீட்டர் ஆழத்தில் ரே டேவிஸ் என்ற வேதியியலாளர் ஒரு பெரிய தொட்டியை அமைத்து, அதில் 3.8 லட்சம் லிட்டர் பெர்குளோரோஎத்திலீனை நிரப்பினார். டிரை கிளீனிங் கடையில் துணி வெளுக்கப் பயன்படும் அதே திரவம்தான். அதில் குளோரின் நிறைய இருக்கிறது, விலையும் குறைவு. சூரியனிலிருந்து வரும் எலக்ட்ரான் நியூட்ரினோ (நியூட்ரினோவில் ஒரு வகை) ஒன்று எப்போதாவது ஒரு குளோரின்-37 அணுவில் பட்டால் அந்த அணு ஆர்கான்-37 ஆக மாறும். அதைப் பிடித்து எண்ண வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

சொல்வதற்குச் சுலபம். நம் உடம்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை எதையும் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். அத்தனை பெரிய தொட்டியில் டேவிஸுக்குக் கிடைத்தது இரண்டு நாளைக்கு ஒரு ஆர்கான் அணு. ஒன்றுக்குப் பின்னால் 30 பூஜ்ஜியம் போடுகிற அளவுக்குக் குளோரின் அணுக்கள் இருக்கிற தொட்டியில், சில வாரங்களில் சேர்ந்த இருபது, முப்பது ஆர்கான் அணுக்களைத் தேடி எடுக்க வேண்டும்! அவர் தொட்டிக்குள் ஹீலியம் வாயுவைக் குமிழிகளாக ஓட விடுவார். ஹீலியம் ஆர்கானைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த கரிப்பொறியில் ஆர்கான் மட்டும் தங்கிவிடும். அதைச் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு எண்ணும் கருவிக்குள் ஏற்றி, மாதக்கணக்கில் உட்கார்ந்து சிதைவுகளை எண்ணுவார்கள். ஆர்கான்-37ன் அரை ஆயுள் 35 நாள் என்பதால் அந்த வேகத்தில் குறைந்துகொண்டே வந்தால்தான் அது உண்மையான ஆர்கான், இல்லாவிட்டால் பின்னணி இரைச்சல். ஒவ்வொரு முறையும் அளவு தெரிந்த கொஞ்சம் சாதா ஆர்கானைத் தொட்டியில் விட்டு, அதில் எவ்வளவு திரும்ப வருகிறது என்று சோதித்துக்கொண்டார். 95 சதவீதம் அளவுக்குத் திரும்பி வந்தது. இவ்வளவு நிதானமாக வேலை செய்த மனிதரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

எவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கைப் போட்டவர் வானியற்பியலாளர் ஜான் பாகால். 1968ல் முதல் முடிவு வந்தபோதே எண்ணிக்கை கணக்கைவிடக் குறைவு என்று தெரிந்துவிட்டது. 1994 வரை தொடர்ந்து எண்ணியும் மாறவில்லை: கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இடையில் ஒரு விஷயம். நியூட்ரினோ ஆய்வுக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965ல் முதலில் பதிவு செய்த இரண்டு குழுக்களில் ஒன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்தது, இன்னொன்று நம் கோலார் தங்கவயலில். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை பார்த்த அதே கோலார்தான். அவ்வளவு ஆழம் வேறு யார் தோண்டி வைத்திருந்தார்கள்?

யார் மேல் தப்பு?

சந்தேகம் மூன்று பேர் மேல். ஒன்று, டேவிஸ் எண்ணியதில் பிசகு. இரண்டு, பாகாலின் சூரியக் கணக்கில் பிசகு. மூன்று, நியூட்ரினோ நாம் நினைத்த மாதிரி இல்லை. இயற்பியலாளர்கள் பலர் ரொம்ப நாள் முதல் இரண்டைத்தான் நம்பினார்கள்.

டேவிஸ் மேல் இருந்த சந்தேகத்தை முதலில் தீர்த்தது ஜப்பானின் கமியோகாண்டே சோதனை. தண்ணீரை வைத்து, முற்றிலும் வேறு முறையில் எண்ணி 1989ல் முடிவு சொன்னார்கள்: அங்கேயும் கணக்கில் பாதி அளவுதான். சூரியக் கணக்கைக் காப்பாற்றியது வேறொரு துறை. சூரியன் மணி மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த அதிர்வுகளை வைத்து உள்ளே ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கலாம். 1990களில் அப்படி அளந்த வேகமும் பாகால் மாதிரியின் வேகமும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்துப்போயின. மையத்தின் வெப்பநிலையில் தப்பு இருந்தால் இது நடக்காது.

அப்புறம் காலியம் என்ற உலோகத்தை வைத்து இரண்டு சோதனைகள், காகசஸ் மலையில் சேஜ், இத்தாலியின் கிரான் சாஸோவில் காலெக்ஸ். இவை குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களையும் பிடிக்கும். அங்கே பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. அதாவது ஆற்றல் அதிகமானவை அதிகம் காணாமல் போகின்றன, ஆற்றல் குறைந்தவை குறைவாகக் காணாமல் போகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் முக்கியமான தடயம்.

தூளிக் கணக்கு

இப்போது 1932க்குப் போவோம். லாண்டாவ், ஸீனர், ஸ்டூக்கெல்பெர்க், மயோரானா என்று நான்கு பேர், ஒருவரை ஒருவர் சாராமல், ஒரே ஆண்டில் ஒரே பிரச்சினையைத் தீர்த்தார்கள். இரண்டு ஆற்றல் நிலைகள் இருக்கின்றன. வெளிச்சூழல் மாற மாற ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. அவற்றுக்கு இடையே எந்தப் பிணைப்பும் இல்லையென்றால் இரண்டும் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் பிணைப்பு இருந்தாலும் வெட்டிக்கொள்ளாது. கிட்டே வந்து, ஒரு சிறு இடைவெளி விட்டு, வளைந்து விலகிவிடும். அந்த இடைவெளியை நெருங்கும் துகள் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

தூளியில் தூங்குகிற குழந்தையை எடுத்துப் பாயில் போட்ட யாருக்கும் விடை தெரியும். மெதுவாக எடுத்தால் எழாது. வெடுக்கென்று எடுத்தால் எழுந்துவிடும். அதோடு, அது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதும் இருக்கிறது: அசந்து தூங்கினால் கொஞ்சம் வேகமாக எடுத்தாலும் தெரியாது, அரைத்தூக்கம் என்றால் எவ்வளவு பூப்போல எடுத்தாலும் கண்ணைத் திறந்து பார்க்கும். சூத்திரம் சொல்வதும் இந்த இரண்டைத்தான். இடைவெளியின் இருமடி ஒரு பக்கம், சூழல் மாறும் வேகம் இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் பெரிதாக இருந்தால் தாவும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கிவிடும், சும்மா குறையாது, ஒன்றுமில்லாமல் போய்விடும். எண் சிறிதாக இருந்தால் துகள் இடைவெளியைக் கவனிக்காமலே தாவிவிடும். மெதுவாக மாறும் சூழலில் துகள் தன் நிலையை விடாமல் பின்தொடர்வதை அடியாபாட்டிக் என்பார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது ஒன்று உண்டு. தாவாமல் தன் நிலையிலேயே தொடர்கிற துகள் மாறாமல் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நிலையே வழியில் உருமாறுகிறது. தொடக்கத்தில் 'அ'வாக இருந்த மேல்நிலை, இடைவெளியைக் கடந்த பிறகு பெரும்பாலும் 'ஆ'வாக இருக்கும். தாவாத துகள் 'ஆ'வாகிவிடுகிறது! 'அ'வாகவே வெளியே வர வேண்டுமென்றால்தான் தாவ வேண்டும். சூரிய வழக்கின் மொத்த முடிச்சும் இதுதான்.

சூரியனுக்குள் எது ஏறுகிறது, எது இறங்குகிறது?

நியூட்ரினோ மூன்று வகை: எலக்ட்ரான், மியூவான், டாவ். சூரியன் செய்வது எலக்ட்ரான் வகையை மட்டும். கிரிபோவும் பொன்டெகோர்வோவும் 1969ல் சொன்னது, இந்த வகைகள் திட்டமான நிறையுள்ள நிலைகள் அல்ல, அவற்றின் கலவைகள், அதனால் பயணத்தில் ஒரு வகை இன்னொன்றாகவும் திரும்பவும் அலைந்துகொண்டே இருக்கலாம் என்பது. நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு வகை இப்படி வெற்றிடத்தில் அலைந்தால், சராசரியாகப் பாதிக்கும் கீழே எலக்ட்ரான் வகை குறையவே குறையாது. மூன்றில் ஒன்று எப்படி வரும்?

1978ல் லிங்கன் வுல்ஃபென்ஸ்டைன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாதாரணப் பொருளில் எலக்ட்ரான்கள் இருக்கின்றன, மியூவானோ டாவோ இல்லை. அதனால் பொருளுக்குள் போகும்போது எலக்ட்ரான் நியூட்ரினோவுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் ஆற்றல் சேர்கிறது. எவ்வளவு? சூரிய மையத்திலேயே, ஒரு எலக்ட்ரான்வோல்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஏழெட்டுக் கூறு. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு நியூட்ரினோ நிலைகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசமும் அதே அளவுக்கு அற்பமானதுதான், அதனால் இது போதும்.

1985ல் சோவியத் ஒன்றியத்தின் மிகேயெவும் ஸ்மிர்னோவும் இதைச் சூரியனுக்குள் பொருத்திப் பார்த்தார்கள். மையத்தில் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம், வெளியே போகப் போகக் குறைந்து பூஜ்ஜியம். ஆக, மையத்தில் பிறக்கும் உயர் ஆற்றல் எலக்ட்ரான் நியூட்ரினோ மேல்நிலையில் இருக்கிறது. வெளியே வர வர அடர்த்தி குறைகிறது, அந்தக் கூடுதல் ஆற்றலும் குறைகிறது, இரண்டு நிலைகளும் நெருங்குகின்றன, ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளப் போய் விலகுகின்றன. சூழல் மாற மாற நிலைகள் நெருங்கி விலகும் அதே 1932 படம். அடுத்த ஆண்டே ஹான்ஸ் பேத்தே இதை எல்லாருக்கும் புரியும்படி ஆற்றல் நிலைகளின் வெட்டலாக விளக்கி எழுதினார். நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்று 1939ல் சொன்ன அதே பேத்தே, 80ஐ நெருங்கும் வயதில். 1986லேயே ஸ்டீபன் பார்க்கும் வேறு சிலரும் லாண்டாவ்-ஸீனர் சூத்திரத்தை நேரடியாகச் சூரியனுக்குப் போட்டுத் தாவும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள்.

தாவியதா, தாவவில்லையா?

இப்போது வழக்கு கூர்மையாகிவிட்டது, ஆனால் முடியவில்லை. வகைகளுக்கு இடையே எவ்வளவு கலப்பு என்று யாருக்கும் தெரியாது. கலப்புதான் இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குகளில் இதே மாதிரிக் கலப்பு சின்னது, அதனால் நியூட்ரினோக்களிலும் சின்னதாகத்தான் இருக்கும் என்பது 1990களில் பலருடைய நம்பிக்கை. கலப்பு சின்னது என்றால் இடைவெளி குறுகல், அப்போது நியூட்ரினோக்களில் ஒரு பகுதி தாவும். ஆற்றல் கூடக் கூட இடைவெளி இன்னும் குறுகும், தாவலும் கூடும். கலப்பு பெரிது என்றால் ஒன்றுகூடத் தாவாது. இரண்டு கதையுமே அன்றைய எண்களோடு ஒத்துப்போயின. சிறு கலப்புக் கதைதான் பலருக்கும் பிடித்திருந்தது. கணிதத்தில் அழகாகவும் இருந்தது, எனக்கு அதில் மறுப்பே இல்லை, ஆனால் அழகு சாட்சி சொல்லாதே.

சாட்சி சொன்னவை மூன்று.

முதலில் சூப்பர் கமியோகாண்டே, 50,000 டன் தண்ணீர், 1996ல் தொடங்கியது. தாவல் நடந்திருந்தால் அதிக ஆற்றல் நியூட்ரினோக்கள் எலக்ட்ரான் வகையாகவே அதிகம் வந்து சேர்ந்திருக்க வேண்டும், அதாவது விகிதம் ஆற்றலோடு ஏற வேண்டும். வந்த விகிதமோ தட்டையாக இருந்தது. 2001 வாக்கில் சிறு கலப்புக் கதை ஆட்டம் கண்டுவிட்டது.

இரண்டாவது கனடாவின் சட்பரி. நிக்கல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 12 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருண்டைக்குள் 1,000 டன் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜனால் ஆன தண்ணீர். கனநீரை வைத்துச் செய்யலாம் என்ற யோசனை ஹெர்ப் சென் என்பவருடையது, சோதனை எழும்புவதைப் பார்க்காமல் 1987ல் இறந்துவிட்டார். ஆர்ட் மெக்டொனால்ட் தலைமையில் அது முடிந்தது. கனநீரின் சிறப்பு என்னவென்றால், ஒரு வினை எலக்ட்ரான் நியூட்ரினோவுக்கு மட்டும் நடக்கும், இன்னொரு வினை மூன்று வகைக்கும் ஒரேபோல நடக்கும். ஆக, வந்த மொத்தம் எவ்வளவு, அதில் எலக்ட்ரான் வகை எவ்வளவு என்று ஒரே பாத்திரத்தில் அளந்துவிடலாம், சூரியக் கணக்கை யாரும் நம்பவே தேவையில்லை. 2002 ஏப்ரலில் எண்கள் வந்தன. மொத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 50.9 லட்சம், எலக்ட்ரான் வகை 17.6 லட்சம். மொத்தம் பாகாலின் கணக்கோடு ஒத்துப்போனது. டேவிஸ் எண்ணியதும் சரி, பாகால் போட்ட கணக்கும் சரி. 34 ஆண்டுகள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்!

மூன்றாவது, அதே 2002 டிசம்பரில் ஜப்பானின் காம்லேண்ட். சூரியனை விட்டுவிட்டு, சராசரியாக 180 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அணு உலைகளிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களை அளந்தார்கள். அந்த வழியில் பொருளின் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் கலப்பும் நிறை வித்தியாசமும் தனியாகத் தெரிந்துவிடும். பெரிய கலப்புக் கதை உறுதியானது. கலப்பு எவ்வளவு என்பதை ஒரு கோணமாகச் சொல்வார்கள், இன்றைய அளவுகளின்படி அது ஏறத்தாழ 34 பாகை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். வெற்றிடத்தில் மேல்நிலையில் எலக்ட்ரான் பங்கு 0.31, கீழ்நிலையில் 0.69. சூரிய மையத்தில் மேல்நிலையில் பிறந்த நியூட்ரினோ வழியில் கீழே தாவியிருந்தால் நாம் 69 சதவீதம் பார்த்திருப்போம். சூரியனே இல்லாமல் வெற்றிடத்தில் அலைந்து மட்டும் வந்திருந்தால் சராசரி 57 சதவீதம். தாவாமல், மேல்நிலையை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் 31. சட்பரியின் 17.6ஐ 50.9ஆல் வகுத்துப் பாருங்கள், 0.35. அடுத்த ஆண்டு கனநீரில் உப்பு சேர்த்துத் துல்லியமாக அளந்தபோது 0.31 என்றே வந்தது.

ஏன் தாவவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 10 மெகா (ஒரு கோடி) எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒன்று, வெட்டவேண்டிய இடத்தில் ஒரு முறை அலைந்து முடிக்க எடுத்துக்கொள்ளும் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், சென்னையிலிருந்து பெங்களூரு மாதிரி. சூரியனுக்குள் அடர்த்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமென்றால் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டராவது போக வேண்டும். ஒளியின் வேகத்தில் போகிற துகளுக்கே அது மிக மெதுவான மாற்றம். இந்த எண்களை லாண்டாவ்-ஸீனர் சூத்திரத்தில் போட்டால் தாவும் வாய்ப்பு, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்கள் போட்ட பிறகுதான் ஏதோ ஒரு இலக்கமாக வரும். அசந்து தூங்குகிற குழந்தையைப் பகல் முழுக்க எடுத்துக்கொண்டு மெதுவாகப் பாயில் போட்ட மாதிரி.

காலியம் சோதனைகளில் பாதிக்கு மேல் வந்ததே, அதுவும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆற்றல் குறைந்த நியூட்ரினோவுக்கு நிலைகள் நெருங்க, சூரிய மையத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தி வேண்டும். அது சூரியனில் எங்கேயும் இல்லை. அதனால் அவை நெருக்கம் எதையும் சந்திக்காமல், ஏறத்தாழ வெற்றிடத்தில் போவது மாதிரி வெளியே வந்து 57க்கு அருகில் நிற்கின்றன. எல்லை இரண்டு மெகா எலக்ட்ரான்வோல்ட் வாக்கில். பின்னால் கிரான் சாஸோவின் போரெக்ஸினோ குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களைத் தனித்தனியாக அளந்து இதை உறுதிசெய்தது.

2015ல் சூப்பர் கமியோகாண்டேயின் கஜிதாவுக்கும் சட்பரியின் மெக்டொனால்டுக்கும் நோபல் கொடுத்தபோது 'நியூட்ரினோ அலைவுகளைக் கண்டுபிடித்ததற்காக' என்று எழுதினார்கள். கஜிதா அளந்த வளிமண்டல நியூட்ரினோக்களுக்கு அது மிகச் சரி. சட்பரியில் நடந்தது கண்டிப்பாகச் சொன்னால் அலைவே அல்ல. ஒரே நிலையில் வந்து, அந்த நிலையின் உட்கூறு வழியில் மாறியதுதான். ஸ்மிர்னோவே 2016ல் இந்த வித்தியாசத்தை வலியுறுத்தி எழுதினார். பரிசின் வாசகத்தை நான் குறை சொல்ல வரவில்லை, ஆனால் பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தை அலைவு என்று சொல்லித் தாண்டிப்போவது மாணவர்களுக்கு நஷ்டம். மெதுவான மாற்றம் ஒரு குவாண்டம் நிலையை எவ்வளவு தூரம் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்கே கிடைக்கும்?

இரவில் என்ன ஆகிறது?

மாற்றம் திடீரென்று வந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே நியூட்ரினோக்களிடமே பார்க்கலாம். வெற்றிடத்தில் 15 கோடி கிலோமீட்டர் வந்த நியூட்ரினோ, இரவில் பூமியின் மறுபக்கத்தில் தரையைத் தொடும்போது அடர்த்தி பூஜ்ஜியத்திலிருந்து சட்டென்று பாறையின் அளவுக்கு ஏறுகிறது. அதன் 350 கிலோமீட்டர் அளவுகோலில் இது நொடிப்பொழுது மாற்றம், பின்தொடர நேரமே இல்லை. அந்த இடத்தில் அதுவரை ஒற்றை நிலையாக வந்தது இரண்டு நிலைகளின் கலவையாக உடைகிறது, பூமிக்குள் நிஜமாகவே அலைகிறது, எலக்ட்ரான் வகை கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. ஆக, சூரியன் நியூட்ரினோவில் இரவில் சற்றே கூடுதலாகப் 'பிரகாசிக்க' வேண்டும். 2014ல் சூப்பர் கமியோகாண்டே பகலுக்கும் இரவுக்கும் 3.2 சதவீத வித்தியாசம் பார்த்ததாக வெளியிட்டது. முடிவு எவ்வளவு உறுதி என்று சொல்லும் சிக்மா அளவில் அது 2.7. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். அதே கமியோகா பகுதியில் இப்போது 2.6 லட்சம் டன் தண்ணீரோடு ஹைப்பர் கமியோகாண்டேயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இந்த 3 சதவீதத்தைப் பிடிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.